அரசுப் பள்ளிக்குத் துணைநிற்கும் அறக்கட்டளைகளுக்கு அரசு எந்த வழியில் துணைநிற்க வேண்டும்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் பள்ளி மானியம், அங்கே படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கும் மேல் ஒரு லட்சம் என்று அது வகுக்கப்பட்டிருக்கிறது. 90 பிள்ளைகள் படிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொண்டால், பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 278 ரூபாய். பள்ளி நடக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் ரூபாய். உடைந்த குழாயை மாற்றுவதும், கரும்பலகைக்கு மைபூசுவதும், கற்பித்தல் கருவிகள் வாங்குவதும் இதற்குள் அடங்க வேண்டும். இதிலும் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைக்கென்று செலவிட வேண்டும். ஆசிரியர் ஊதியம், பாடநூல், சீருடை, உணவு ஆகியவற்றை அரசு தனியே ஏற்றுக்கொள்கிறது. வகுப்பறைகள் கட்டுவதற்கென்று, பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் செலவிடும் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டத்துக்கும் ஒன்றேகால் ரூபாய்க்கும் இடையில், சுற்றுச்சுவர், நூலக அலமாரி, ஆய்வகக் கருவி, மேல்நிலைத் தொட்டி, விளையாட்டுத் திடல் எனப் பள்ளியின் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கும் பல செலவுகள் யாருடைய கணக்கிலும் சேராமல் நின்றுவிடுகின்றன.

முன்னாள் மாணவர் அறக்கட்டளைகளும் ஊர்க் குழுக்களும் நிறுவனங்களின் அறக்கொடைப் பிரிவுகளும் கால்வைக்கும் இடம் இதுதான். நான் படித்த நடுநிலைப் பள்ளிக்காக நாங்கள் சிலர் சேர்ந்து பதிவுசெய்த ஒரு சிறிய அறக்கட்டளையின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு அரசு துணைநிற்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு எழுவதில்லை. எந்த வடிவில் துணைநிற்க வேண்டும் என்பதே எழுகிறது. தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பவற்றையும் வெளிநாட்டில் முயன்று பார்க்கப்பட்டவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வடிவங்கள் தெரிகின்றன. கொடுப்பவருக்கு வரியில் விலக்கு அளிப்பது முதலாவது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசும் அதற்கு ஈடாகப் பங்கு போடும் இணைநிதி இரண்டாவது. அரசே ஓர் அறக்கட்டளையை நிறுவி நன்கொடையாளரையும் பள்ளியையும் இணைப்பது மூன்றாவது. சிறிய அறக்கட்டளைகள் இயங்குவதற்கு வேண்டிய ஆளையும் தொழில்நுட்ப உதவியையும் அரசு தருவது நான்காவது. இவற்றை ஒப்பிடும்போது எது அதிகப் பணத்தைத் திரட்டும் என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்வது போதாது. அரசு தன் பங்காக விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கொடுப்பவரின் வசதியைப் பின்தொடர்கிறதா, பள்ளியின் தேவையைப் பின்தொடர்கிறதா என்பதையே முதல் அளவுகோலாக நான் வைக்கிறேன். அது பொதுப்பணம் என்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

வரிச்சலுகை

நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்ற பெயரில் எல்லாரும் அறிந்த விலக்குதான் இந்தியாவில் மிகப் பழகிய வழி. பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றுக்கு ஒருவர் 10,000 ரூபாய் கொடுத்தால், பொதுவாக அதில் பாதியைத் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. 30 விழுக்காடு வரி கட்டுபவருக்கு இதனால் மிச்சமாவது 1,500 ரூபாய். 20 விழுக்காடு கட்டுபவருக்கு 1,000 ரூபாய். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத கட்டடத் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை. தன் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு ஒரு நாள் கூலியை விட்டு மண் சுமந்து தருபவரை இந்தச் சலுகை கண்டுகொள்வதே இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இந்தக் கழிவு கிடையாது. 2023-24 முதல் அந்த முறையே இயல்பான தேர்வாக ஆக்கப்பட்டுவிட்டதால், மாதச் சம்பளக்காரர்களிடம் 80ஜி ரசீதைக் காட்டி நன்கொடை கேட்பதில் முன்பிருந்த வலு குறைந்துவிட்டது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் இதன் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருப்பதால் அரசுப் பள்ளிகளுக்கு இதனால் வந்த பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஓசூரிலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் உண்டு. கல்வராயன் மலையில் கிடையாது. அந்த முன்னுரிமை எந்தப் பக்கம் பணத்தைத் திருப்பும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாநில அரசின் நோக்கில் இந்த முதல் வழிக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. வருமான வரியும் நிறுவனங்கள் சட்டமும் ஒன்றிய அரசின் கையில் இருப்பவை. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பதில் மாநிலம் இவற்றின் வழியாக எதையும் திருத்த முடியாது. வரிச்சலுகை இருக்கட்டும், அதைத் தன் ஆதரவுக்கான கருவியாக மாநிலம் எண்ணிக்கொள்ள இடமில்லை.

இணைநிதி

தமிழ்நாட்டுக்கு இது புதியதல்ல. 1997-98இல் தொடங்கிய நமக்கு நாமே திட்டமும், 2011-12இல் வேறு பெயரில் வந்த தன்னிறைவுத் திட்டமும், 2021-22இல் மீண்டும் தொடங்கிய நமக்கு நாமே திட்டமும் ஒரே அடிப்படையில் அமைந்தவை: பணியின் மதிப்பீட்டில் மக்கள் ஒரு பங்கைக் கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும். 2021-22இல் தொடங்கிய திட்டத்தில் மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. பள்ளிக்கு வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆய்வகம் ஆகியவற்றை இந்த வழியில் பெற்ற ஊர்கள் பல. தன்னிறைவுத் திட்டத்தில், மதிப்பீட்டில் பாதிக்குக் குறையாமல் கொடுப்பவர்கள் தாங்களே பணியை எடுத்துச் செய்யவும் இடம் இருந்தது. ஊரார் போட்ட பணம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்க் கலவையில் சிமெண்டு குறைந்துவிடுமோ என்ற அச்சம் கிராமங்களில் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

இணைநிதியின் பெரிய சிறப்பு, அது ஊரை உள்ளே இழுப்பது. சொந்தக் காசு ஒரு பங்காவது போட்டவர்கள் கட்டடத்தைப் பார்க்க வருகிறார்கள். பூட்டு உடைந்தால் கேட்கிறார்கள். எங்கள் பள்ளியில், நாங்கள் தலைக்கு ஐந்நூறும் ஆயிரமுமாகத் திரட்டிக் கட்டிய சைக்கிள் நிறுத்தும் கொட்டகை பதினோரு ஆண்டுகளாக நல்ல நிலையில் நிற்கிறது. யாரோ வந்து கொடுத்துவிட்டுப் போன தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிட்டது; வடிகட்டியை யார் மாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் இணைநிதிக்குள் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. அதை எளிய எண்களில் பார்ப்பது நல்லது. வணிகம் செழித்த ஓர் ஊரின் மேல்நிலைப் பள்ளிக்கு அதன் முன்னாள் மாணவர்கள் 30 லட்சம் ரூபாய் திரட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மானாவாரி நிலத்தையும் வெளியூர்க் கூலியையும் நம்பிய இன்னோர் ஊர், பெரும்பாடுபட்டு 30,000 ரூபாய் திரட்டுகிறது. இரண்டுக்கும் அரசு இரு மடங்கு கொடுத்தால் முதல் பள்ளிக்கு 90 லட்சமும் இரண்டாம் பள்ளிக்கு 90,000 ரூபாயும் கிடைக்கும். அரசு தலையிடுவதற்கு முன் அவற்றுக்கு இடையே இருந்த வேறுபாடு 29,70,000 ரூபாய். தலையிட்ட பிறகு 89,10,000 ரூபாய். விதி இருவருக்கும் ஒன்றுதான், யாருக்கும் சலுகை காட்டப்படவில்லை, ஆனாலும் பொதுப்பணத்தைக் கொண்டே ஏற்றத்தாழ்வு மும்மடங்காகிவிட்டது. இதைச் சரிசெய்யாமல் இணைநிதியை விரிவாக்குவதை நான் எதிர்ப்பேன்.

சரிசெய்யும் வழியின் தொடக்கம் நம் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் நடக்கும் பணிகளுக்கு மக்கள் பங்கு மூன்றில் ஒன்றாக இல்லாமல் ஐந்தில் ஒன்றாக இருந்தால் போதும் என்பது நமக்கு நாமே திட்டத்தின் விதிகளில் ஒன்று. அதாவது, தேவை மிகுந்த இடத்தில் மக்களின் ஒரு ரூபாய்க்கு அரசு நான்கு ரூபாய் போடுகிறது. இந்தச் சாய்வை இன்னும் நுட்பமாக்கலாம். மலைப்பகுதிப் பள்ளி, முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகள் மிகுந்த பள்ளி, உயர்நிலைக் கல்விக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டிய ஊர் ஆகியவற்றுக்கு ஒன்றுக்கு நான்கு என்றும், நகர்ப்புறத்தில் நன்கொடை வளம் மிகுந்த பள்ளிகளுக்கு ஒன்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்றும் வைக்கலாம். அதோடு ஒரு பள்ளிக்கு ஓராண்டில் அரசு தரும் இணைநிதிக்கு உச்சவரம்பும் வேண்டும். மேலே சொன்ன வணிக ஊர் தன் 30 லட்சத்தைத் தாராளமாகச் செலவிடட்டும். ஆனால் அரசின் 60 லட்சத்தை அது கோருவதற்கு நியாயம் இல்லை.

அமெரிக்காவின் அனுபவத்தை இங்கே சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும், ஏனென்றால் பள்ளிக்கான அறக்கட்டளைகள் பெருகிய பிறகு என்ன நடக்கும் என்பதை அந்நாடு நமக்கு முன்பே கண்டிருக்கிறது. கலிபோர்னியாவில் சொத்து வரியை நம்பியிருந்த பள்ளி நிதியில் ஊருக்கு ஊர் இருந்த ஏற்றத்தாழ்வை 1971இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் செரானோ வழக்கில் கண்டித்தது. 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியைச் சொத்து மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. தங்கள் ஊர்ப் பள்ளிக்கு வரியின் வழியாகக் கூடுதல் பணம் கொடுக்க முடியாமல் போன வசதியான ஊர்களின் பெற்றோர், அறக்கட்டளை தொடங்கி அதே பணத்தை நன்கொடையாகக் கொடுக்கத் தொடங்கினர். அந்த நன்கொடைக்கு வரிவிலக்கும் கிடைத்தது. அமெரிக்கா முழுவதிலும் அரசுப் பள்ளிகளுக்கு உதவும் இலாப நோக்கற்ற அமைப்புகளின் எண்ணிக்கை 1995இல் ஏறத்தாழ 3,500 ஆக இருந்து 2010இல் 11,000ஐத் தாண்டியது. சட்டமும் நீதிமன்றமும் சமன்செய்ய முயன்ற வேறுபாடு அறக்கொடை வழியாகத் திரும்பி வந்தது. கொடுத்த பெற்றோரை இதற்காகக் குறைசொல்ல முடியாது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் செய்தார்கள். ஊர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய கடமை அரசுக்கே இருந்தது.

அந்தக் கடமையைச் செய்ய முயன்ற இடங்களும் அங்கே உண்டு. புளோரிடா மாநிலம் மாவட்டக் கல்வி அறக்கட்டளைகள் திரட்டும் தொகைக்கு டாலருக்கு டாலர் இணைநிதி தருகிறது. ஆனால் கற்றலில் பின்தங்கிய மாணவருக்கு உதவுதல், எழுத்தறிவு, அறிவியல் கணிதக் கல்வி, தொழிற்கல்வி, ஆசிரியர் தரம், பள்ளிப்படிப்பை நிறைவுசெய்வோர் விகிதம் போன்ற வரையறுத்த நோக்கங்களுக்கே அந்தப் பணம் செலவாக வேண்டும். அலங்கார வளைவுக்கு அதில் இடமில்லை. ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில், ஒரு பள்ளியின் அறக்கட்டளை முதல் 10,000 டாலருக்கு மேல் திரட்டும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுநிதிக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அந்தப் பொதுநிதி வசதி குறைந்த பள்ளிகளுக்குப் போனது. சாண்டா மோனிகா, மாலிபு ஆகிய இரு ஊர்களும் சேர்ந்த கல்வி மாவட்டம் 2011இல் இன்னும் ஒரு படி மேலே போய், பணியாளருக்காகத் திரட்டும் நிதி முழுவதையும் ஒரே அறக்கட்டளையின் கீழ்க் கொண்டுவர முடிவுசெய்தது. மாலிபு பெற்றோர் பலர் இதனால் கசந்தனர். தனிக் கல்வி மாவட்டம் வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை வலுத்தது. முழுவதையும் பொதுவாக்கினால் கொடுப்பவர் விலகுவார், ஒரு பங்கை மட்டும் பொதுவாக்கினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார் என்று இந்த இரண்டையும் அருகருகே வைத்து நான் படிக்கிறேன்.

அரசே நிறுவும் அறக்கட்டளை

2022 டிசம்பர் 19 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ இந்த வகையைச் சேர்ந்தது. தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவராகவும், சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் அதன் தூதராகவும் அறிவிக்கப்பட்டனர். முதலமைச்சர் தம் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். பள்ளிகளின் தேவைகள் இணையத்தில் பட்டியலிடப்படும். முன்னாள் மாணவரோ நிறுவனமோ பள்ளியையும் பணியையும் தேர்ந்து பணம் செலுத்தலாம். பல அலுவலகங்களின் படியேறாமல் ஒரே இடத்தில் வேலை முடிவது பெரிய நன்மை. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தாம் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய விரும்பினால், யாரை நம்பி அனுப்புவது என்ற தயக்கம் இதனால் குறைகிறது. சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிட வேண்டிய பெருநிறுவனத்துக்கும் ஐந்நூறு பள்ளிகளிடம் தனித்தனியே பேசுவதைவிட ஓர் அமைப்பிடம் பேசுவதே எளிது.

குறை என்று நான் காண்பது இரண்டு. நன்கொடையாளரே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வரை, பேர்பெற்ற பழைய மாணவர்கள் உள்ள பள்ளியும், நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளியுமே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்படும். 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கும் மாநிலத்தில், பட்டியலின் அடியில் கிடக்கும் பள்ளியை யாரும் தற்செயலாகக் கண்டெடுக்க மாட்டார்கள். அடுத்தது, எல்லைக்கோடு மங்கிவிடும் ஆபத்து. 2025 தொடக்கத்தில், தனியார் பள்ளிகள் 500 அரசுப் பள்ளிகளைத் ‘தத்தெடுக்கும்’ என்று செய்தி பரவியபோது எழுந்த எதிர்ப்பை நினைவுகூரலாம். தத்து ஏதும் இல்லை, சமூகப் பொறுப்பு அடிப்படையிலான பங்களிப்பு மட்டுமே என்று பள்ளிக் கல்வி அமைச்சர் விளக்கம் தர நேர்ந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு எதிர்ப்பா என்று சிலர் கேட்டார்கள். தாய் தகப்பன் இருக்கும் பிள்ளையை யாரும் தத்துக் கொடுப்பதில்லை. அரசுப் பள்ளிக்கு அரசு இருக்கிறது என்ற உணர்விலிருந்து எழுந்த அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன்.

ஆளும் உதவியும்

நான்காவது வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு சிறிய அறக்கட்டளை வகுப்பறைக் கூரையைச் சீரமைக்க நினைத்தால், பொறியாளரிடம் மதிப்பீடு வாங்க வேண்டும், கல்வித் துறையின் அனுமதி பெற வேண்டும், ஊராட்சி ஒன்றியப் பள்ளியானால் ஒன்றிய அலுவலகத்தையும் அணுக வேண்டும், முடித்த பின் பயன்பாட்டுச் சான்றிதழ் பெற வேண்டும், ஆண்டு முடிவில் தணிக்கை செய்து வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய்ப் பணிக்காக நாங்கள் மதிப்பீடு வாங்கவே ஏழு மாதம் நடந்தோம். யாரும் எங்களை வேண்டுமென்று அலைக்கழித்ததாக நான் நினைக்கவில்லை. எங்கள் வேலை யாருடைய மேசைக்கும் உரியதாக இல்லை என்பதே காரணம். வட்டாரத்துக்கு ஒருவர், இதற்கென்றே பொறுப்பில் இருந்து, மாதிரி மதிப்பீடுகளையும் படிவங்களையும் வைத்துக்கொண்டு வழிகாட்டினால், அரசு செலவிடும் ஓர் ஊதியத்துக்குப் பல மடங்கு பணி நடக்கும். இது பணக்கார அறக்கட்டளைக்குத் தேவைப்படாத உதவி; அவர்களிடம் கணக்காளரும் பொறியாளரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். எனவே தேவையுள்ள பக்கமே இது தானாகச் சாய்கிறது.

அரசின் ஆதரவுக்குப் பணமே இல்லாத ஒரு வடிவமும் நம் வரலாற்றில் இருக்கிறது. 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் நிலமும் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலமைச்சர் காமராசரே அத்தகைய மாநாடுகளுக்கு வந்தார். ஏழை உழவர் ஒருவர் தரும் ஒரு சுவர்க் கடிகாரத்தை முதலமைச்சர் வந்திருக்கும் மேடையில் பெற்றுக்கொள்வது அந்த உழவருக்குச் செய்யும் மரியாதை. இன்றைய இணையதளத்தில் அந்த உழவருக்கு இடமிருக்கிறதா என்பதை அமைப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதை இவற்றின் கீழ்க் கொண்டுவரக் கூடாது

நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும், எவற்றை நன்கொடைக்கு விடக் கூடாது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். இதற்கு மதிய உணவின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று இல்லை. எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த திட்டம் முதலில் மக்களின் நன்கொடையை நம்பி நடந்தது. பின்னர் அரசு ஒரு பங்கை ஏற்க, ஊர் ஒரு பங்கைத் திரட்டியது. அது இணைநிதியேதான். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை மாபெரும் அளவில் தொடங்கியபோது, பிள்ளையின் சோறு அரசு ஏற்றுக்கொண்ட பொறுப்பாக மாறியது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அரசுப் பணத்திலேயே நடக்கிறது. ஊராரின் நல்லெண்ணம் ஒரு தேவையை அடையாளம் காட்டியது; அது எல்லாப் பிள்ளைக்கும் உரியது என்று தெளிவானதும் அரசு அதைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. அறக்கட்டளைகளின் பணி இந்தத் திசையில்தான் நகர வேண்டும்.

எதிர்த்திசையில் நகரும் ஆபத்து கற்பனையன்று. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீயில் மாநிலம் சேராததை ஒட்டி 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. இப்படி ஒரு துளை விழும்போது, அதை அடைக்க அறக்கட்டளைகளின் பக்கம் திரும்பும் தூண்டுதல் எந்த நிர்வாகத்துக்கும் வரும். ஆனால் அறக்கட்டளைகள் திரட்டுவதை எல்லாம் கூட்டினாலும் அந்தத் துளையின் ஓரத்தைக்கூட மூட முடியாது. மூட முயன்றால், ஆசிரியர் ஊதியம் ஊர்ப் பெரியவரின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடும். காலிப் பணியிடங்களில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகச் சொற்பத் தொகுப்பூதியத்தில் பணியாற்றியவர்களின் நிலை எப்படியிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர், உணவு, குடிநீர், கழிப்பறையின் அன்றாடத் தூய்மை ஆகிய நான்கும் நன்கொடைப் பட்டியலில் இடம்பெறவே கூடாது என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும்.

எந்தத் தேர்வு

என் பரிந்துரை இணைநிதியை முதன்மையாகக் கொண்டது. ஆனால் இப்போதிருக்கும் வடிவில் அன்று. மக்கள் பங்குக்கு அரசு தரும் ஈடு, பள்ளியின் தேவைக்கேற்ப ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு நான்கு வரை சாய்வாக இருக்க வேண்டும். உடலுழைப்பையும் பொருளையும் மக்கள் பங்காக மதிப்பிட்டு ஏற்க வேண்டும்; இல்லையென்றால் ஐந்தில் ஒரு பங்குகூடச் சில ஊர்களுக்கு எட்டாது. ஒவ்வொரு பணியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்திலிருந்து தொடங்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு முதலில் வேண்டுமா, நுழைவாயிலில் வளைவு முதலில் வேண்டுமா என்ற கேள்விக்கு நன்கொடையாளரைவிடச் சரியான விடை அவர்களிடம் இருக்கும்.

அரசு அறக்கட்டளையை இதற்குப் போட்டியாகப் பார்க்க வேண்டியதில்லை. பெருநிறுவனப் பணத்தைப் பெறும் வாயிலாக அது தொடரட்டும். ஆனால் போர்ட்லாந்தைப் போல, ஒரு பள்ளிக்கென்று வரும் தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதில் ஒரு பங்கு பொதுநிதிக்குச் செல்ல வேண்டும். அந்தப் பங்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாகவும், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாததாகவும் இருந்தால் கொடுப்பவர்கள் விலகிப்போக மாட்டார்கள் என்றே கருதுகிறேன். ஒரே ஒரு நன்கொடையாளரும் இல்லாத பள்ளிக்கு இணைநிதி எந்த விகிதத்தில் இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் சுழியத்தை நான்கால் பெருக்கினாலும் சுழியமே. அத்தகைய பள்ளிகளின் முதல் பங்கை இந்தப் பொதுநிதி போட்டு, அதன்மேல் அரசின் நான்கு பங்கையும் பெற்றுத்தர வேண்டும். வட்டாரத்துக்கு ஒருவரை அமர்த்தும் நான்காவது வழி இவையெல்லாம் நடப்பதற்கான முன்தேவை. அதை விட்டுவிட்டு மற்றவற்றை அறிவித்தால் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊர்களே மீண்டும் முன்னே நிற்கும்.

பொதுநிதியைப் பகிர்வது யார் என்பது மட்டும் எனக்கு இன்னும் முழுமையாகத் தெளியாத இடம். மாவட்ட ஆட்சியரிடம் விட்டால் விரைவு இருக்கும். ஆனால் மாறுதலில் அவர் போனதும் முன்னுரிமைகளும் மாறும். சட்டமன்ற உறுப்பினரிடம் விட்டால் ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பணம் போகும். ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்களிலிருந்து, பெரும்பாலும் தாய்மார்களாக இருக்கும் அவர்களிலிருந்து, குலுக்கலில் ஏழு பேரைத் தேர்ந்து ஈராண்டுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். தன் பள்ளிக்குத் தானே வாக்களிக்கக் கூடாது என்பதும், கூட்டத்தின் முடிவு அன்றே ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்பதும் அதற்குரிய இரண்டு விதிகள்.